சாக்கெட் ஒன்று என்பதால் வால்வு ஒன்றாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வால்வு ஆம்ப்ளிஃபயர்கள், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு எனும் கண்ணாடி வெற்றிடக் குழாய்களை வைத்து ஒலியைப் பெருக்குபவை, மறுபடியும் வீடுகளுக்குள் வந்துகொண்டிருப்பதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. படங்களும் அருமை, அந்த ஆரஞ்சு வெளிச்சத்தை அச்சில் அப்படியே கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒரு வாக்கியம் வந்துவிட்டது: இஎல்34, 6550, கேடி88 என்ற மூன்று ரக வால்வுக்கும் ஒரே சாக்கெட்தான், அதனால் வால்வு தேய்ந்துபோனால் பிடித்ததை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், பல்பு மாற்றுவது மாதிரிதான் என்று. அதைப் படித்ததும் எனக்கு வார்னிஷ் கருகுகிற வாடை மூக்கில் அடித்தது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது சேனலுக்கு இரண்டு வீதம் நான்கு இஎல்34 போட்ட புஷ்-புல் ஆம்ப்ளிஃபயர், அதாவது ஜோடியில் ஒன்று தள்ள மற்றது இழுக்கிற வகை. பிளேட்டில், அதாவது வால்வுக்குள் எலக்ட்ரான்கள் வந்து சேருகிற தகட்டில், 430 வோல்ட் நிற்கும். ஒவ்வொரு வால்வும் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும்படி பயாஸ் (பாட்டு ஓடாதபோது வால்வு எவ்வளவு கரண்ட் எடுக்கவேண்டும் என்று நிர்ணயிக்கிற வோல்ட்டேஜ்) வைக்கவேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. பல வருஷம் ஓடிய வால்வுகள் தளர்ந்துவிட்டன, பயாஸ் திருகியைக் கடைசிவரை திருப்பினாலும் ஒன்று 30ஐத் தாண்டவில்லை. சரி, புதுசு வாங்கலாம் என்று போனால், விற்றவர் "இஎல்34 எதற்கு, 6550 போடுங்கள், அதே எட்டுக் கால், அப்படியே உட்காரும், பேஸ் சும்மா அதிரும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அப்படியே உட்கார்ந்தது.

இந்த ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் (எலக்ட்ரான்கள் கிளம்புகிற முனை) 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது, அதன் மேல் 0.4 வோல்ட் காட்டினால் 40 மில்லி ஆம்பியர் என்று கணக்கு. 6550 போட்டு சூடானதும் மல்டிமீட்டரை வைத்தேன், 1 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அவசர அவசரமாக நான்கு திருகிகளையும் எதிர்ப்பக்கம் கடைசிவரை திருப்பினேன். 0.7க்குக் கீழே இறங்கவில்லை. 70 மில்லி ஆம்பியர், 430 வோல்ட், பெருக்கினால் 30 வாட். 6550 அதைத் தாங்கக்கூடிய வால்வுதான், அதனால் நானும் சமாதானமாகிப் பாட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், அங்கேதான் என் புத்தி வேலை செய்யவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஏதோ வாடை. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் வலது ஓரத்து வால்வின் பிளேட்டில், இரண்டு தகடும் சேருகிற மடிப்பை ஒட்டி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மங்கலான சிவப்பு. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். பவர் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கையை இரண்டு விநாடி வைக்க முடியவில்லை, வாடை வந்தது அதிலிருந்துதான்.

இதில் எனக்கு வால்வு கெட்டது என்ற வருத்தத்தைவிட, ஏன் கெட்டது என்று புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனதுதான் பெரிய வருத்தம். ஒரு காரணம் இல்லை, மூன்று.

முதலாவது, இஎல்34ஐ அந்த 40 மில்லி ஆம்பியரில் பிடித்துவைக்க கிரிட்டில், அதாவது கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே நின்று கரண்டைக் கட்டுப்படுத்துகிற கம்பி வலையில், சுமார் மைனஸ் 36 வோல்ட் போதும். அதே பிளேட் வோல்ட்டேஜில் 6550க்கும் கேடி88க்கும் மைனஸ் 50ஐயும் தாண்டி வேண்டும். என் ஆம்ப்ளிஃபயரின் பயாஸ் சர்க்யூட்டால் அவ்வளவு தூரம் போகவே முடியாது, அது இஎல்34ஐ மனத்தில் வைத்துக் கட்டியது. இரண்டாவது, வால்வு தாங்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் தாங்கவேண்டுமே. நான்கு வால்வும் சேர்ந்து 160 மில்லி ஆம்பியர் எடுத்த இடத்தில் 280 எடுக்க ஆரம்பித்தன. போதாததற்கு, கேத்தோடைச் சூடாக்குகிற ஹீட்டர் இஎல்34க்கு 1.5 ஆம்பியர், 6550க்கு 1.6, நான்குக்கும் சேர்த்து 0.4 ஆம்பியர் கூடுதல். மூன்றாவதுதான் யாருமே சொல்லாதது. கிரிட்டுக்கும் பயாஸ் சப்ளைக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும், கிரிட் லீக் என்பார்கள். இஎல்34இன் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளரின் விவரத்தாள், அதை அரை மெகா ஓம் வரை அனுமதிக்கிறது. 6550க்கு, பிக்சட் பயாஸ் (என்னுடையது மாதிரித் தனி சப்ளையிலிருந்து கிரிட்டுக்கு மைனஸ் வோல்ட் கொடுப்பது) என்றால் 50 கிலோ ஓம்தான் உச்சவரம்பு. பத்தில் ஒரு பங்கு! என் ஆம்ப்ளிஃபயரில் இருந்தது 220 கிலோ ஓம். வால்வு சூடாகும்போது கிரிட்டிலிருந்து கொசுறு மாதிரி ஒரு சின்னக் கரண்ட் கிளம்பும், அது இந்தப் பெரிய ரெசிஸ்டர் வழியாகப் போகும்போது பயாஸைக் கொஞ்சம் தளர்த்தும், தளர்ந்தால் வால்வு இன்னும் கூட இழுக்கும், இன்னும் சூடாகும், இன்னும் தளரும். முக்கால் மணி நேரம் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்தது இதுதான்.

ஆகவே பவர் வால்வு வாங்குகிறவர்கள் முதலில் திறக்கவேண்டியது கடைப் பட்டியலை அல்ல, தங்கள் ஆம்ப்ளிஃபயரின் கையேட்டை. சர்க்யூட் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த வால்வுக்காகக் கட்டியது, பிளேட்டில் எத்தனை வோல்ட், பயாஸ் எந்த வகை, திருகி வால்வுக்கு ஒன்றா ஜோடிக்கு ஒன்றா, இவ்வளவும் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும். எந்தக் கம்பெனி, பழையதா புதியதா, இதெல்லாம் அப்புறம்.

வாட் கணக்கு கொஞ்சம் சொல்கிறேன், கஷ்டமில்லை. இஎல்34இன் பிளேட் 25 வாட் வெப்பத்தைத் தாங்கும் என்பது டேட்டாஷீட் கணக்கு. புஷ்-புல்லில் வழக்கமான ஏபி வகையில், பாட்டு ஓடாமல் சும்மா நிற்கும்போது அதில் 60 முதல் 70 சதவீதம் வரை வைப்பது பொதுப் பழக்கம். 25இல் 70 சதவீதம் 17.5 வாட், அதைப் பிளேட் வோல்ட்டேஜால் வகுத்தால் கரண்ட் வரும்: 450 வோல்ட் என்றால் 39 மில்லி ஆம்பியர். கேத்தோடில் அளக்கும்போது ஸ்கிரீன் கிரிட் எனும் இரண்டாவது வலை இழுக்கிற நாலைந்து மில்லி ஆம்பியரும் அதில் சேர்ந்தே வரும், அதனால் பிளேட்டுக்குப் போவது உண்மையில் இன்னும் கொஞ்சம் குறைவு, தப்பினாலும் நல்ல பக்கமாகவே தப்புவோம். 6எல்6ஜிசி என்றால் 30 வாட், இஎல்84 என்றால் 12 வாட், அவ்வளவுதான் வித்தியாசம், வகுக்கிற முறை ஒன்றே. ஜோடி இல்லாமல் ஒரு பக்கமே முழு ஒலியையும் சுமக்கிற சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயரில் மட்டும் இந்த 70 சதவீதம் செல்லாது, அதன் வால்வு எப்போதுமே முழு வேகத்தில் நிற்பது, 90 சதவீதம் வரை போவார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் டைனாகோ ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபயர். டேவிட் ஹாஃப்லரின் கம்பெனி 1959இல் கொண்டுவந்தது, நான்கு இஎல்34, இன்னமும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் சேனலுக்கு ஒரு 15.6 ஓம் ரெசிஸ்டர், அதன் மேல் 1.56 வோல்ட் வைக்கச் சொல்கிறது கையேடு. கணக்குப் போட்டால் சரியாக 100 மில்லி ஆம்பியர், அதாவது வால்வுக்கு 50. இது கொஞ்சம் தாராளமான கணக்கு. அந்தக் காலத்து வால்வுகள் சுமந்தன, இப்போதைய வால்வுகளைப் போடுகிறவர்களில் பலர் 1.3 வோல்ட் அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை, வால்வுக்குத் தெரிகிறது.

ஆனால் அந்த உதாரணத்தை எடுத்தது வேறு ஒரு விஷயத்துக்காக. அந்த 100 மில்லி ஆம்பியர் இரண்டு வால்வுக்கும் சேர்த்து. ஒன்று 70 எடுத்து மற்றது 30 எடுத்தாலும் மீட்டர் அதே 1.56தான் காட்டும், நாமும் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். இந்த மாதிரி ஜோடிக்கு ஒரே திருகி உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு மேட்ச் செய்த ஜோடி, அதாவது ஒரே அளவு கரண்ட் எடுப்பதாக அளந்து சேர்த்த ஜோடி, வாங்கியே ஆகவேண்டும், வேறு வழியில்லை. வால்வுக்கு ஒரு திருகி இருக்கிறதா, அப்படியானால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நாமே சமன் செய்துகொள்ளலாம். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு நான்கும் மேட்ச் ஆன செட்தான் வேண்டும் என்று வற்புறுத்துகிறார்களே, அது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. இடது சேனலின் ஜோடி தங்களுக்குள் ஒத்துப்போகவேண்டும், வலது சேனலின் ஜோடி தங்களுக்குள். இடதும் வலதும் ஒத்துப்போனால் நல்லதுதான், போகாவிட்டால் குடிமுழுகாது.

ஜோடி ஏன் ஒத்துப்போகவேண்டும் என்றால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு வால்வின் கரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவேண்டும் என்பதே புஷ்-புல்லின் அடிப்படை. ஒன்று கூட இழுத்தால் மிச்சம் நிற்கிற டிசி, அதாவது ஒரே திசையில் ஓடுகிற கரண்ட், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரை ஒரு பக்கமாகக் காந்தமாக்கிவிடும், முதலில் பாதிக்கப்படுவது பேஸ்தான். பவர் சப்ளையில் மிச்சமிருக்கிற ஹம்மும் அழியாமல் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். புது வால்வு போட்ட பிறகு மெல்லிய உறுமல் ஒன்று புதிதாக வந்திருந்தால் முதலில் ஜோடியைச் சந்தேகப்படுங்கள்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற மேட்சிங் எண்ணைப் பார்த்து மட்டும் திருப்திப்படவேண்டாம். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை வோல்ட்டில் வைத்து அளந்தீர்கள்? 250 வோல்ட்டில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த இரண்டு வால்வு 450 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் விலகி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பழைய எமிஷன் டெஸ்டரில் வைத்து "பச்சையில் நிற்கிறது பாருங்கள்" என்று காட்டுவதும் அப்படித்தான், அந்த முள் வால்வு உயிரோடு இருக்கிறது என்று சொல்லும், ஜோடி சேருமா என்று சொல்லாது. பிளேட் கரண்ட்டும் டிரான்ஸ்கண்டக்டன்ஸும் (கிரிட் வோல்ட்டேஜ் மாறினால் கரண்ட் எவ்வளவு மாறும் என்ற அளவு) இரண்டும் எழுதியிருந்தால், கூடவே வால்வைச் சில மணி நேரமாவது ஓடவிட்டுப் பிறகு அளந்திருந்தால், அந்த விற்பனையாளரைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் திருகியே இல்லாத ஆம்ப்ளிஃபயர்களும் உண்டு, கேத்தோடு பயாஸ் வகை, கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே பயாஸை உண்டாக்கிக்கொள்ளும். எதை வேண்டுமானாலும் போடலாம், தானே சரிசெய்துகொள்ளும் என்று இவற்றைப் பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும், உண்மைதான், ஆனால் எந்த அளவுக்கு என்பதை அந்தக் கேத்தோடு ரெசிஸ்டர்தான் தீர்மானிக்கிறது. 1953இல் வந்த குவாட் 2 ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேடி66 வால்வு, இரண்டுக்கும் பொதுவாக ஒரே 180 ஓம் ரெசிஸ்டர். அதன் மேல் சுமார் 26 வோல்ட் நிற்கவேண்டும், அதாவது இரண்டுக்கும் சேர்த்து 144 மில்லி ஆம்பியர். இரண்டில் ஒன்று கிழடாகிக் குறைவாக எடுத்தால், ரெசிஸ்டருக்கு அது தெரியாது, மற்றதைக் கூட எடுக்கவிடும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் அந்தப் புதியது பழையதின் சுமையையும் சேர்த்துத் தூக்கும். இந்த வகையில் வால்வு வாங்குகிற அன்றே அந்த ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள், வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்தது மதிப்பு மாறியிருக்கும்.

இனி பெயர் விஷயம். கட்டுரையில் நான்கைந்து பிராண்டுகளை வரிசைப்படுத்தி, இது இனிமை, அது கம்பீரம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நான்கைந்தில் மூன்று ஒரே ஆலையில் செய்யப்படுபவை என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார். ரஷ்யாவின் சராத்தவ் நகரில் இருக்கும் ஒரே தொழிற்சாலையிலிருந்து சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சால், மல்லார்ட், ஜெனலெக்ஸ் கோல்டு லயன் எல்லாம் வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது இத்தனை பெயர்களுக்கும் ஒன்றாகத் தட்டுப்பாடு வந்ததே, அதிலிருந்தாவது எல்லோருக்கும் புரிந்திருக்கவேண்டும். ஸ்லோவாக்கியாவில் ஜேஜே எலக்ட்ரானிக், சீனாவில் ஷுகுவாங், பிஸ்வேன், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 300பி வால்வு செய்கிற வெஸ்டர்ன் எலக்ட்ரிக், பெரிய பெயர்கள் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பழைய மல்லார்டுக்கும் இப்போது கடையில் கிடைக்கிற மல்லார்டுக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது. ஒரே ஆலை என்பதால் எல்லாமே ஒரே வால்வு என்றும் நான் சொல்லவில்லை, உள்ளே பிளேட்டின் வடிவமும் கிரிட்டின் சுற்றும் ரகத்துக்கு ரகம் மாறும், சிலவற்றில் நிஜமாகவே வித்தியாசம் தெரியும். கண்ணாடி மேல் அச்சடித்த பெயருக்காக மட்டும் இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பிரிக்காமல் கிடந்த பழைய சரக்கு, அதாவது அறுபதுகளில் செய்து பெட்டியிலேயே தூங்கியவை, அவை உண்மையிலேயே நல்லவை. உண்மையிலேயே அவையாக இருந்தால்! பழைய லோகோவை யாரும் புதிதாக அச்சடிக்கலாம், விரலால் தேய்த்தால் போய்விடுகிற அந்த எழுத்தை நம்பி எதையும் வாங்கக்கூடாது. பழைய மல்லார்ட் இஎல்34இல் பார்க்கவேண்டியது கண்ணாடியின் அடிப்பக்கத்தில் மங்கலாகப் பொறித்திருக்கும் இரண்டு வரி. மேல் வரி எக்ஸ்எஃப் என்று தொடங்கும், அது ரகத்தின் குறி. கீழ் வரி பி என்று தொடங்கினால் பிளாக்பர்ன். டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், எனக்குப் பூதக்கண்ணாடியும் வேண்டியிருந்தது. எழுத்து பளிச்சென்று வெள்ளையாக இருந்து இந்தப் பொறிப்பு இல்லையென்றால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கம்பெனிப் பெயரைவிட வால்வின் ரகப் பெயரே நிறையச் சொல்லும். இஎல்34இல் முதல் எழுத்து இ, ஹீட்டர் 6.3 வோல்ட் என்று பொருள். எல் என்றால் பவர் பென்டோடு, ஐந்து முனை கொண்ட பவர் வால்வு. 3இல் தொடங்குகிற எண் எட்டுக் கால் ஆக்டல் சாக்கெட், இஎல்84இல் உள்ள 8 ஒன்பது கால் சின்ன சாக்கெட். அமெரிக்கப் பெயர்களில் முதல் எண்ணே ஹீட்டர் வோல்ட்டேஜைச் சொல்லிவிடும், 6எல்6 என்றால் 6.3, 2ஏ3 என்றால் 2.5. இந்த 2ஏ3யும் 300பியும் ஒரே நான்கு கால் சாக்கெட்டில் உட்காரும் என்பது ஒரு பொறி. 300பியின் ஃபிலமென்ட்டுக்கு, அதாவது சூடாகிற இழைக்கு, 5 வோல்ட். அந்த சாக்கெட்டில் 2ஏ3ஐச் செருகினால் பாட்டு கேட்காது, ஒரு சின்ன மின்னல் மட்டும் பார்க்கலாம்.

அதே மாதிரி 6எல்6ஜிசிக்குக் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் இஎல்34. இரண்டும் ஆக்டல்தான். ஆனால் 6எல்6ஜிசியின் ஹீட்டர் 0.9 ஆம்பியர், நான்கு போட்டால் 3.6. நான்கு இஎல்34 என்றால் 6 ஆம்பியர். தவிர இஎல்34இல் மூன்றாவது கிரிட் தனியாக ஒன்றாம் பின்னுக்கு வருகிறது, அதை எட்டாம் பின்னான கேத்தோடோடு இணைக்கவேண்டும். 6எல்6இல் அந்த இணைப்பு கண்ணாடிக்குள்ளேயே முடிந்துவிடுவதால் பல ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றாம் பின் வெறுமையாக விடப்பட்டிருக்கும், இன்னும் சிலவற்றில் ஆளில்லாத திண்ணை மாதிரி வேறு ஏதாவது ஒயரை அதில் பற்றவைத்திருப்பார்கள். இஎல்84க்கும் 7189க்கும் கூட இந்தக் குழப்பம் உண்டு. 7189 பிளேட்டில் 400 வோல்ட் தாங்கும், சாதாரண இஎல்84க்கு டேட்டாஷீட் 300தான் கொடுக்கிறது. 7189க்காகக் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் இஎல்84ஐப் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் போய்விட்டதே, தரமில்லாத வால்வு என்று வால்வைத் திட்டுவது நியாயமில்லை. கேடி120, கேடி150 பற்றிக் கேட்கவே வேண்டாம். நான்கு கேடி120இன் ஹீட்டர்கள் மட்டுமே 7.8 ஆம்பியர் வரை கேட்கலாம்.

இவ்வளவும் செய்து என்ன லாபம் என்றும் பார்க்கவேண்டுமல்லவா. இஎல்34இல் 35 வாட் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர், எல்லாம் சரியாக அமைந்து 6550இல் 50 வாட் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். டெசிபல் கணக்கில் அது ஒன்றரை. வால்யூம் திருகியை ஒரு மயிரிழை திருப்பினால் கிடைப்பது. இதற்காகத்தான் நான் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வேகவைத்தேன்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாங்குவதற்கு முன்னால் உண்மையிலேயே வால்வுதான் போயிற்றா என்று பாருங்கள். பவர் வால்வின் ஆயுள் 2,000 முதல் 5,000 மணி நேரம் வரை என்பார்கள், தினம் மூன்று மணி நேரம் கேட்டால் வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், நீங்களே கணக்குப் பாருங்கள். கண்ணாடி உட்புறம் லேசாக நீல ஒளி தெரிகிறதா, பாட்டுக்குத் தக்கபடி ஆடுகிறதா, அதில் பயப்பட ஒன்றுமில்லை, அழகாகக்கூட இருக்கும். பிளேட்டுக்கு நடுவே இளஞ்சிவப்பாக, ஊதாவாக மூட்டமாய் இருந்தால் உள்ளே காற்று கசிந்திருக்கிறது. தலையில் வெள்ளி மாதிரி மின்னுகிற கெட்டர் (மிச்சக் காற்றை உறிஞ்சுகிற பூச்சு) பால் வெள்ளையாகிவிட்டால் அந்த வால்வு முடிந்தது, சுவிட்சே போடவேண்டாம்.

பிளேட் சிவந்தால் உடனே வால்வைக் குற்றம் சொல்லவும் கூடாது. ஒரு நண்பர் வீட்டில் ஒரே சாக்கெட்டில் மூன்று வால்வுகள் அடுத்தடுத்துச் சிவந்தன. அவர் மூன்று கம்பெனிகளைத் திட்டித் தீர்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் செய்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இரண்டு வால்வை இடம் மாற்றிப் போட்டேன், சிவப்பு வால்வோடு நகரவில்லை, சாக்கெட்டிலேயே நின்றது. பவர் வால்வுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாக்கெட்டின் கிரிட் பின்னை அளந்தால், பக்கத்து சாக்கெட்டில் மைனஸ் 36, இதில் மைனஸ் 27. முந்தைய வால்விலிருந்து ஒலியைக் கொண்டுவருகிற கப்ளிங் கண்டென்சர் கசிந்து, 9 வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. சுண்டுவிரல் அளவு கண்டென்சர். மாற்றியதும் அவர் தூக்கியெறிய வைத்திருந்த மூன்று வால்வில் இரண்டு நன்றாகவே வேலை செய்தன, மூன்றாவதைச் சிவக்கச் சிவக்க ரொம்ப நேரம் விட்டிருக்கிறார் போல.

மாட்டும்போது செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது வால்வைச் செருகுவதற்கு முன்பே பயாஸ் திருகிகளைக் கரண்ட் மிகக் குறைவாக ஓடும் பக்கத்துக்குத் திருப்பிவிடவேண்டும், பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். ஸ்பீக்கரை இணைக்காமல் சுவிட்சைப் போடக்கூடாது. வால்வைக் கண்ணாடியைப் பிடித்து ஆட்டிக் கழற்றாமல் அடிக்கட்டையைப் பிடித்துக் கழற்றவேண்டும். நடுவில் உள்ள பிளாஸ்டிக் முளை உடைந்த வால்வு எந்தத் திசையிலும் உட்கார்ந்துவிடும், அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள், குப்பையில் போடுங்கள். அரை மணி நேரம் சூடான பிறகு பயாஸ், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. அப்புறம், சுவிட்சை அணைத்தாலும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும். அடிமூடியைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் திறக்கவேண்டாம், தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசியில் சாதாரண இஎல்34 நான்கு வாங்கினேன், இப்போது செய்யப்படுபவைதான், பெயர் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. வோல்ட்டேஜைக் கேட்டு, எண்களைப் பார்த்து வாங்கியது. 38 மில்லி ஆம்பியரில் வைத்திருக்கிறேன், டிரான்ஸ்ஃபார்மர் மேல் இப்போது கையை வைத்துக்கொண்டே ஒரு முழுப் பாட்டு கேட்கலாம். அந்த வாடை மட்டும் மழை நாட்களில் இன்னும் லேசாக வருகிறது.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கடைசிப் பத்திக்கு அடுத்த இணைப்பிலேயே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை பேர் 6550க்குச் சொல்லிவைத்திருக்கிறார்களோ, அவர்கள் கைக்கு வால்வு வந்து சேர்வதற்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்